மூன்றாம் நாள் கால்சியத்தை மலையிலேயே பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவையில் பாராதைராய்டு (ரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கும் கழுத்துச் சுரப்பி) அறுவை செய்துகொண்ட நம் நீலகிரி மாவட்டத்தார் பலர், ஓரிரு நாளில் கழுத்துப் பிளாஸ்திரியோடு மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறிவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவதோ பெரும்பாலும் அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். அறுத்தவர் கோவையில் இருப்பார், கால்சியம் இறங்கியவர் கோத்தகிரியில் இருப்பார்.

வீங்கிய பாராதைராய்டு சுரப்பி அதுவரை பி.டி.எச். எனும் பாராதைராய்டு ஹார்மோனை அளவின்றிச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஹார்மோன் நிமிடக் கணக்கில் சரியும். பத்தாவது நிமிடத்தில் ரத்தம் எடுத்து, முந்தைய உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதா என்று ஆபரேஷன் தியேட்டரிலேயே பார்ப்பது இதனால்தான். மிச்சமுள்ள சுரப்பிகள் இத்தனை நாள் வேலையில்லாமல் தூங்கியவை, உடனே எழுந்துகொள்ளாது. பட்டினி கிடந்த எலும்போ கிடைக்கிற கால்சியத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும்.

உதகையின் டிசம்பர் குளிரில் விரல் மரத்துப்போனால் யாருக்குச் சந்தேகம் வரும்? அடுப்பருகே உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொள்வார்கள். குளிரால் வந்த மரமரப்பு கை சூடானதும் போய்விடும். கால்சியம் குறைந்து வந்தது போகாது, உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு விரல்கள் குவிந்து, மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி இழுத்துக்கொள்ளும். அந்த நிலையில் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை, மானிட்டரில் இதயத் துடிப்பைப் பார்த்தபடி, பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகினால் சதை புண்ணாகிவிடும்.

மூன்றாம் நாள் கால்சியத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கூடவே ஆல்புமின் (கால்சியத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும் ரத்தப் புரதம்), பாஸ்பரஸ், மெக்னீசியம் மூன்றும் வேண்டும். ஆல்புமின் 4-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 7.8, ஆல்புமின் 3 என்றால் சரியான கணக்கு 8.6. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து இறங்கினால் எலும்பு இழுக்கிறது. கால்சியம் இறங்கி பாஸ்பரஸ் ஏறினால் மிச்சச் சுரப்பிகள் வேலை செய்யவில்லை. மெக்னீசியம் குறைவாக இருந்தால் எத்தனை கால்சியம் மாத்திரை போட்டாலும் அளவு எளிதில் ஏறாது.

லேப் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பி.டி.எச். சாம்பிளை ஊதா மூடி ட்யூப்பில் எடுத்துக் குளிர்பெட்டியில் கீழே கோவைக்கு அனுப்பினால் கெடாமல் போய்ச் சேரும். அதே ட்யூப்பில் கால்சியம் பார்க்கவே கூடாது. அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், பயமுறுத்துகிற அளவுக்குக் குறைந்த எண்தான் வரும். கையில் ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தால் நேர்மாறாக கால்சியம் ஏறிக் காட்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் சில கருவிகளில் பி.டி.எச். குறைத்துக் காட்டும்.

அறுவைக்கு முந்தைய ரிப்போர்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு. கால்சியம் 11.2, பி.டி.எச். 58 என்று வரும். 15 முதல் 65 வரை நார்மல் என்பதால் பி.டி.எச். பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது. கால்சியம் அவ்வளவு ஏறியிருக்கையில் அந்த ஹார்மோன் அடங்கிக் கிடக்க வேண்டும். 58 என்பதே கோளாறு.

கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தினமும் கேஸ் மாத்திரை (வயிற்று அமிலத்தைக் குறைப்பது) சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் கேட்டு கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாம். தைராக்சின் எனும் தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அறுவை வெற்றியா என்பதை ஆறாம் மாதக் கால்சியம்தான் சொல்லும். அதற்குள் கால்சியம் சரியாக இருந்து பி.டி.எச். மட்டும் சற்று உயர்ந்திருந்தால் முதலில் வைட்டமின் டி பார்க்க வேண்டும்.

கோவை மருத்துவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே மூன்றாம் நாள் பரிசோதனைத் தேதியை எழுதி, அதை உதகை, குன்னூர், கூடலூரிலேயே செய்துகொள்ளச் சொல்லி அனுப்ப வேண்டும். கால்சியம் முடிவு அன்று மாலையே நோயாளி கையில் இருக்க வேண்டும், கீழேயிருந்து பி.டி.எச். வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அறுவை செய்துகொள்கிறவர்கள் பத்து நாள் கால்சியம் மாத்திரையைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு மலை ஏறட்டும். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் சாலை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர்