போகிக்கு முன் ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகி நெருங்கினால் வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துக் காயலான் கடைகளில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்கள் எடைக்கு வந்து விழுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த சான்சுய், அகாய், பயனியர் செட்டுகளும் அதில் அடக்கம். "செட் போயிடுச்சு" என்ற ஒரு வார்த்தையோடு அவை வீட்டை விட்டுப் போகின்றன. உள்ளே எது போனது என்று யாரும் பார்ப்பதில்லை. ரிப்பேர் செய்வதா, உள்ளே வேறு போர்டு போடுவதா, புதிது வாங்குவதா என்ற முடிவை இரண்டே விஷயம் சொல்லிவிடும்: ட்ரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் இருக்கிறதா, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைத் தள்ளும் அவுட்புட் பகுதியில் இருக்கும் பார்ட் இன்று அசலாகக் கிடைக்குமா. இதை எப்படிப் பார்ப்பது என்று வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

மூடியைக் கழற்றுவதற்கு முன்பே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரு பக்கம் சத்தம் இல்லையென்றால், செட்டை அணைத்துவிட்டுப் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போடுங்கள். அதே ஸ்பீக்கர் ஊமையாகவே இருந்தால் கோளாறு ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ. அடுத்த ஸ்பீக்கர் ஊமையானால், வயர்களைப் பழையபடி போட்டுவிட்டு இன்புட் வயர்களை இடம் மாற்றுங்கள். ஊமை பக்கம் மாறினால் பாட்டு வரும் கருவியையும் அதன் வயரையும் பாருங்கள்; மாறாவிட்டால்தான் குறை ஆம்ப்ளிஃபயரில். இரண்டு பக்கமும் சத்தமே இல்லையென்றால் முதலில் முன்பக்கத்து டேப் மானிட்டர் பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அது அழுந்தியிருந்தால் செட் டேப் டெக்கிலிருந்து சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பின்னால் ப்ரீ அவுட், மெயின் இன் என்ற சாக்கெட்டுகளை இணைக்கும் சின்ன உலோகத் துண்டுகள் கறுத்துப் போயிருந்தாலும் சத்தம் வராது. செல்போனை ஃபோனோ சாக்கெட்டில் சொருகிவிட்டு "சவுண்ட் கிழியுது" என்பவர்களும் உண்டு. ரெக்கார்டு பிளேயரின் காந்த ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். அதற்கென்று செய்த இடத்தில் அரை வோல்ட்டைக் கொடுத்தால் கிழியத்தான் செய்யும். ஐந்து துளை டின் (DIN) என்ற வட்டச் சாக்கெட் மட்டும் உள்ள பழைய செட்டில் 3-ம் பின் இடது, 5-ம் பின் வலது, நடுவில் இருக்கும் 2-ம் பின் எர்த். அதற்கேற்ப வயர் செய்துகொண்டால் போதும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் கார்பன் பாதையில் தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கன்ட்ரோலின் உடலில் இருக்கும் இடுக்கு வழியாகக் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, முப்பது முறை முழுக்கத் திருப்புங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விட வேண்டாம். தூசியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவியும் ஒரே வாரத்தில் கரகரப்பு திரும்பினால் கன்ட்ரோலுக்கு முன்னால் இருக்கும் 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான கப்ளிங் கண்டென்சர் (சத்தத்தை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டியது) டிசியைக் கசியவிடுகிறது என்று பொருள். அதை மாற்றாமல் எத்தனை கன்ட்ரோல் மாற்றினாலும் பயனில்லை.

மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் சத்தம் வராமல், வால்யூமைக் கூட்டியதும் பட்டென்று வந்தால் ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி ஸ்விட்சான ரிலேயின் கான்டாக்ட் கறுத்திருக்கிறது. தாள் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துக் கான்டாக்டுகளுக்கு நடுவே இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும், ஆறே மாதத்தில் மறுபடி இதே தொல்லை. ரிலே மாற்றுவதென்றால் காயில் வோல்டேஜ் பார்த்து அதே வாங்குங்கள்.

இனி ஹம்மிங். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் 'ம்ம்ம்' என்று அதே அளவில் கேட்டால் பவர் சப்ளை. வால்யூமோடு கூடிக் குறைந்தால் இன்புட் வயர், எர்த் இணைப்பு, ப்ரீ ஆம்ப் பக்கம் தேட வேண்டும். பவர் சப்ளை ஹம்மிங்குக்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்கள். நம் ஊரில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். மே மாதத்தில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. கண்ணாடி ஷோகேஸுக்குள் மூடி வைத்த செட்டின் உள்சூடு 60, 65-க்குப் போய்விடும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று குறித்த கண்டென்சர் 65 டிகிரியில் சுமார் 8000 மணி நேரம் வரும். அதே 2000 மணி நேரத்துக்கான 105 டிகிரி ரகம் 32,000 மணி நேரம் வரை தாங்கும். விலை வித்தியாசம் சொற்பம். ஆகவே 105 டிகிரி என்று கேட்டே வாங்குங்கள்.

வோல்டேஜில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட் ஏசி தரும் 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மரை, நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் வழியாக டிசியாக்கினால் இரண்டு பக்கமும் சுமார் 33 வோல்ட் வரும். "35 வோல்ட் கண்டென்சர் போதுமே" என்று போட்டுவிடுகிறார்கள். இரவில் லைன் வோல்டேஜ் 250-ஐத் தொட்டு, செட்டும் லோடு இல்லாமல் சும்மா ஓடினால் அந்த 33 வோல்ட் 40 வரை ஏறும். அப்போது 35 வோல்ட் கண்டென்சரின் தலை உப்பும். இந்த இடத்துக்கு 50 வோல்ட்தான் குறைந்தபட்சம். இடம் இருந்தால் 63. மைக்ரோஃபாரட் 4700 இருந்த இடத்தில் 4700 அல்லது 6800 போடலாம். 22,000 போட்டால் 'பேஸ்' கூடும் என்று நம்பிப் போட்டால், ஸ்விட்ச் போடும் கணத்தில் பாயும் கரண்டில் பிரிட்ஜும் ஸ்விட்சும் போகும். கழற்றுவதற்கு முன் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் கண்டென்சரின் இரு முனையிலும் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டென்சருக்கும் கைக்கும் கெடுதல்.

ஃபியூஸ் போன செட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுக்கவே கூடாது. சீரிஸ் பல்ப் வழியாக, அதாவது மெயின் லைனில் செட்டோடு வரிசையாகச் சேர்த்த ஒரு பல்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி உதவாது. ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கினால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். அப்போது ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (போர்டுக்குப் போகும் பக்கம்) வயர்களைப் போர்டிலிருந்து கழற்றி, டேப் சுற்றித் தனித்தனியாக விட்டு, மறுபடி பாருங்கள். இப்போது பல்பு அணைந்தாற்போல் இருந்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லது. பிரிட்ஜ், கண்டென்சர், அவுட்புட் இவற்றில் ஏதோ ஒன்று ஷார்ட். செகண்டரி கழற்றியும் பல்பு எரிந்தால் காயில் வெந்துவிட்டது. பிரைமரி (மெயின் கரண்ட் வரும் பக்கம்) ஓப்பன் என்று மீட்டர் காட்டினாலும் உடனே கைவிட வேண்டாம்: சில ட்ரான்ஸ்ஃபார்மர்களில் பிரைமரியின் மேல் சுற்றுக்கடியில் தெர்மல் ஃபியூஸ் இருக்கும், போனது அது மட்டுமாக இருக்கலாம். ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பி இழையைச் சுற்றுவதால் வெந்த ட்ரான்ஸ்ஃபார்மர்கள் ஏராளம். இதைச் செய்யும் கைகளைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

அவுட்புட் ட்ரான்சிஸ்டரைச் சோதிக்க மல்டிமீட்டரின் டயோடு நிலை போதும். பேஸிலிருந்து எமிட்டருக்கும் கலெக்டருக்கும் 500 முதல் 700 வரை காட்ட வேண்டும். கலெக்டர், எமிட்டர் இடையே பீப் அடித்தால் ட்ரான்சிஸ்டர் ஷார்ட். ஷார்ட் ஆனதை மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டால் புதியதும் அதே நொடியில் போகும். காரணம், அது போகும்போது டிரைவரையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் பேஸ் ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அந்தச் சேனலில் ஜோடியாக மாற்றி, டிரைவர்களையும் ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்து, மின்சாரம் கடக்காமல் தடுக்கும் மைக்கா தகடும் ஹீட் சிங்க் பேஸ்ட்டும் புதிதாக வைத்து, மறுபடி சீரிஸ் பல்பில்தான் ஏற்ற வேண்டும். பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அப்பி வைத்தால் சூடு கடக்காது.

ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் ஸ்பீக்கர் முனையில் டிசி அளந்தே தீர வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-க்கு மேல் என்றால் தேட வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கர் காயில் புகைந்துவிடும். செட் கால் மணி நேரம் சூடான பிறகு 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையில் 5 முதல் 10 மில்லிவோல்ட் இருந்தால் 22 முதல் 45 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதில் உள்ளதே சட்டம். பாட்டு இல்லாதபோது ஓடும் இந்தக் கரண்ட் பூஜ்யமானால் மெல்லிய சத்தத்தில் பாட்டு சொரசொரப்பாகக் கேட்கும். அதிகமானால் பாட்டு இல்லாமலே ஹீட் சிங்க் சுடும்.

எஸ்டிகே ஐசி போட்ட செட்டுகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. சான்யோ நிறுவனம் செய்த ஹைபிரிட் ஐசிகள் (அவுட்புட் பகுதி முழுவதும் ஒரே கட்டியாக இருக்கும் ரகம்) அவை. எஸ்டிகே 4141, 4191 என்று இன்று கடையில் கிடைப்பவற்றில் டூப்ளிகேட் மிக அதிகம். எழுத்து நகத்தால் சுரண்டினால் வரும், பின்பக்க அலுமினியத் தகடு மெலிதாக இருக்கும், சத்தம் கூட்டினால் போய்விடும். வேறு செட்டிலிருந்து கழற்றிய அசல் கிடைத்தால் ரிப்பேர் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் அந்த செட்டுக்கு உள்ளே வேறு போர்டு போடுவதுதான் நியாயம். 2என்3055, டிப்41, டிப்42 போன்ற தனி ட்ரான்சிஸ்டர் போட்ட செட்டுக்கு இந்தக் கவலை குறைவு. மாற்று எண்ணாவது கிடைத்துவிடும்.

போர்டு மாற்றுவதென்றால் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து போர்டை வாங்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். டிடிஏ7294 ஐசி போட்ட போர்டுக்கு பிளஸ் மைனஸ் 40 வோல்ட்தான் உச்சம். 24-0-24 தரும் 33 வோல்ட் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சரியாகப் பொருந்தும். 4 ஓம் என்றால் 27 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 18-0-18. பழைய செட்டில் 30-0-30 இருந்தால் 42 வோல்ட் வரும், இந்த போர்டு தாங்காது. டிடிஏ2030ஏ என்றால் 22 வோல்ட்தான் எல்லை. இந்த ஐசிகளின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா இல்லாமல் பாடியில் முடுக்கினால் ஷார்ட். இப்போது எல்லோரும் கேட்கும் டிபிஏ3116 கிளாஸ்-டி போர்டின் மேல் 24 வோல்ட் என்று எழுதியிருப்பது டிசி. அதன் உச்சம் 26. பழைய ட்ரான்ஸ்ஃபார்மரின் 24 வோல்ட் ஏசியை பிரிட்ஜ் போட்டுக் கொடுத்தால் 33 வோல்ட் போய் போர்டு உடனே கருகும். அதற்கு 24 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (லேப்டாப் அடாப்டர் போன்ற பவர் சப்ளை) தனியாக வாங்கி, பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட வேண்டும். சூடு மிகக் குறைவு என்பதால் நம் கோடைக்கு அது ஏற்றதுதான். ஆனால் கனமான நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இதை வைப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை. ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் பழைய ப்ரீ ஆம்ப் போர்டை எடுத்துவிடவே கூடாது. ஃபோனோ வசதி மலிவான புதிய போர்டுகளில் கிடையாது.

அட்டைப்பெட்டியில் 5000 வாட் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச வாட் கணக்கு) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழைய 50 வாட் செட்டைக் கழிக்காதீர்கள். பிளஸ் மைனஸ் 33 வோல்ட்டும் 8 ஓம் ஸ்பீக்கரும் இருந்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 50 வாட்தான் உண்மையில் வரும். ஒரு வீட்டு ஹாலுக்கு அது தாராளம்.

வெந்த ட்ரான்ஸ்ஃபார்மர், கரியான போர்டு, கிடைக்காத ஐசி, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த செட்டை விட்டுவிடலாம். ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் போயிருந்தால், E, I வடிவத் தகடுகளை அடுக்கிய ஈ-ஐ ரகமாக இருக்கும் பட்சத்தில், செம்பு வயரில் ரீவைண்டிங் செய்யலாம். அலுமினிய வயர் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்கான 100 வோல்ட் செட் என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் செலவையும் கணக்கில் சேருங்கள். வளைகுடா செட்டில் பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 240-ல் இருக்கட்டும்.

விட்டுவிடும் செட்டையும் போகி நெருப்பில் போடாதீர்கள். செம்புக்காக வயரை எரிக்கும்போது பிவிசி உறையிலிருந்து வரும் புகை குழந்தைகளின் நுரையீரலுக்குள் போகிறது. வேலூர் மாநகராட்சியும் ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் நகராட்சிகளும் போகிக்கு முந்தைய வாரம் வார்டு வாரியாக மின்கழிவு வாங்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கறாராகக் கேளுங்கள். மாற்றிய ஒவ்வொரு பார்ட்டின் எண்ணும் அளவும் பில்லில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பார்ட்டுகளை ஒரு கவரில் போட்டுக் கையில் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஆடியோ மெக்கானிக் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.