கழித்துவிட்ட பீப்பாய்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடிக்கும் ஸ்காட்லாந்து விஸ்கி) கட்டுரையைப் படித்தேன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், பீட் என்ற கரிமண்ணை எரித்து விஸ்கிக்கு ஏற்றும் புகையைப் பற்றி எழுதியிருந்த பகுதி அருமை. ஆனால் வடிசாலைக்காரர்கள் தங்கள் பெயரில் விடும் பாட்டிலே அசல், வடிசாலைகளிடம் சரக்கு வாங்கித் தனி நிறுவனங்கள் தங்கள் பெயரில் அடைத்து விற்பதெல்லாம் வடிசாலைகள் வேண்டாமென்று கழித்த பீப்பாய்கள் என்ற ரீதியில் கட்டுரையாளர் முடித்திருந்தார். அதை அப்படியே விட மனம் வரவில்லை.

ஸ்காட்லாந்தின் எல்கின் நகரில் 1895இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மக்ஃபெயில் என்ற தனி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். காலிப் பீப்பாய்களை அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து வடிசாலைகளுக்கு அனுப்பி வந்தார்கள். அன்றன்றைக்கு வடித்த சரக்கை அதில் நிரப்பி வாங்கி, பல வருடம் ஊற வைத்தார்கள். 1940இல் அப்படி நிரப்பிய கிளென்லிவெட் வடிசாலையின் பீப்பாய் ஒன்று, 80 வருடம் கழித்துத்தான் பாட்டிலுக்கு வந்தது. இதில் யார் எதைக் கழித்தார்கள்?

தரகர்கள் வழியாக வரும் பீப்பாய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் வடிக்கும் மால்ட்டில் பெரும்பகுதி, பல வடிசாலைகளின் சரக்கைக் கலந்து செய்யும் பிளெண்டட் விஸ்கிக்குத்தான் போகிறது. அந்தக் கம்பெனிகள் ஒருவருக்கொருவர் பீப்பாய் மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். தேவை குறைந்தால் மிச்சம் சந்தைக்கு வந்துவிடும். அது கணக்கில் மிஞ்சிய சரக்கு, தரத்தில் தோற்றது அல்ல.

கல் ஈலாவைப் பாருங்கள். ஐலாவின் பெரிய வடிசாலை, டியாஜியோ என்ற பெரிய மதுக் கம்பெனிக்குச் சொந்தம், ஜானி வாக்கர் பிளெண்டுக்குப் புகை கொடுப்பவற்றில் ஒன்று. 12 வருடம் ஊறிய கல் ஈலா பாட்டிலை டியாஜியோ கடைக்குக் கொண்டுவந்தது 2002இல்தான். அதற்கு முன்பே இந்தப் பெயரைப் பலருக்குப் பழக்கியது தனி நிறுவனங்களின் பாட்டில்கள்.

அந்த 12 வருடத்தையும், பலமுறை பயன்படுத்திய ஹாக்ஸ்ஹெட் என்ற நடுத்தர அளவுப் பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் இறக்கிய ஒரு தனி நிறுவனக் கல் ஈலாவையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். முதலாவது 43 சதவீதம் ஆல்கஹால். புகை, எலுமிச்சை, லேசான இனிப்பு என்று எல்லாம் அளவாக இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் 55 சதவீதத்துக்கு மேல், வைக்கோல் நிறம்கூட இருக்காது. முதலில் நாக்கைச் சுடும். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் கிளாஸில் மெல்லக் கலங்கும், அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கும் கடல் உப்பும் ஈரச் சாம்பலும் ஒவ்வொன்றாக மேலே வரும். பாட்டிலில் அடைக்குமுன் குளிரவைத்து வடிகட்டினால் அந்தக் கலங்கல் வராது. கூடவே அந்தப் பிசுக்கிலும் கொஞ்சம் போய்விடுகிறது என்பது என் அனுபவம். கேரமல் நிறமி சேர்ப்பதையும் ஸ்காட்ச் சட்டம் அனுமதிக்கிறது. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் அதை எழுதியாக வேண்டும், பல நாடுகளில் அந்தக் கட்டாயம் இல்லை.

இதனால் வடிசாலை பாட்டில் மட்டம் என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ பீப்பாய்களைக் கலந்து வருடா வருடம் ஒரே ருசியைக் கொண்டுவருவது பெரிய கைத்திறன். ஒரு வடிசாலையைப் புதிதாக அறிய வருகிறவர் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். ஒற்றைப் பீப்பாய் அப்படியல்ல: ஒரு ஹாக்ஸ்ஹெட்டில் சுமார் 300 பாட்டில் தேறும், தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்தது வேறு மாதிரி இருக்கும். சில நிறுவனங்கள் சப்பையான சரக்கை ஒயின் பீப்பாயில் ஆறு மாதம் போட்டு இனிப்பேற்றி, வடிசாலையின் பெயரை நம்பி விலை வைக்கிறார்கள். அதைக் கட்டுரையாளர் கண்டித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன்.

இன்னொன்று. லின்லித்கோ ஊரின் செயின்ட் மேக்டலின் வடிசாலை 1983இல் மூடப்பட்டது. அது எப்படிப்பட்ட விஸ்கி என்று பின்னால் வந்தவர்கள் தெரிந்துகொண்டதில் தனி நிறுவனங்களின் பங்கு பெரிது. அவர்கள் வாங்கி வைக்காத பீப்பாய்கள் பிளெண்டில் கரைந்தே போயிருக்கும். 2024 முதல் மற்ற வடிசாலைகளின் புதுச் சரக்கை நிரப்பப் போவதில்லை என்று கார்டன் அண்ட் மக்ஃபெயில் 2023இல் அறிவித்தபோது எனக்கு வருத்தமாக இருந்ததும் இதனால்தான். கிடங்கில் இருப்பது இன்னும் பல வருடம் வரும், சரி. ஆனால் அவர்கள் கையால் புதிதாக நிரம்பும் கல் ஈலா இனி கிடையாது.

அடுத்த இதழில் விலைப்பட்டியல் வெளியிடப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தனி நிறுவன பாட்டில்களைக் கடைசிப் பக்கக் கட்டத்தில் ஒதுக்காமல், அந்தந்த வடிசாலையின் பாட்டிலுக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். விலையோடு ஆல்கஹால் சதவீதம், பீப்பாய் வகை, குளிர்வடிகட்டல் உண்டா, நிறம் சேர்த்ததா என்ற விவரங்களையும் தாருங்கள். எது தேவை என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்