அப்பாவுக்கு, வின்னிபெக்கிலிருந்து

வின்னிபெக், கனடா,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் போன் பண்ணும்போதெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்களே, அதற்குக் காரணம் இதுதானா? "சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் தங்கச்சியும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, இனிமேல் எல்லாவற்றையும் எழுதியே அனுப்புகிறேன். காது விஷயத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அதையும் தயவுசெய்து படியுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த வாரம் முழுக்க மைனஸ் 28, மைனஸ் 30. வெளியே வந்து மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக்கொள்ளும். இங்கே கார் நிறுத்தும் இடத்திலேயே கரண்ட் பிளக் வைத்திருக்கிறார்கள். காரின் முன்பக்கம் தொங்கும் வயரை ராத்திரி அதில் செருகிவிட வேண்டும். எஞ்சினில் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது, அது விடிய விடியச் சூடு கொடுக்கும். இல்லையென்றால் ஆயில் இறுகிப்போய் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஒரே இடத்தில் நின்றதில் டயரும் தரையில் பட்ட இடம் தட்டையாகிவிடும். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு வண்டி தொபுக் தொபுக்கென்று குதித்துத்தான் போகும், சூடேறினால் சரியாகிவிடும்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். புழுங்கல் அரிசி கிடைக்கிறது, துவரம்பருப்பு கிடைக்கிறது. கறிவேப்பிலைதான் யானை விலை. அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியை இன்னும் வைத்திருக்கிறேன். வேலையில் இப்போது ஷிப்ட் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் இது வழக்கம்தான், ஓய்வும் கிடைக்கிறது. அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

அந்த ஓய்வில்தான் காரைப் பார்த்தேன். நான் வாங்கியது 2006 மாடல் என்று தெரியுமே, 2,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிசம்பரிலிருந்து அதில் ஒரு சத்தம். 50-ஐத் தாண்டினால் 'ஊம்ம்' என்று ஆரம்பிக்கும், 70-ல் காருக்குள் பேசுவது கேட்காது. காட்டின பட்டறையில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பணத்துக்காக இல்லை. காரணம் தெரியாமல் சாமானை மாற்றுவது உங்களுக்குப் பிடிக்காதே, அதனால்தான்.

நீங்கள் பஸ் டிப்போவில் செய்வதையே செய்தேன். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் இரைந்தது, அந்தச் சத்தம் வரவில்லை. காலியான ரோட்டில் 70-ல் போகும்போது நியூட்ரலில் போட்டேன். எஞ்சின் இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. அப்போ எஞ்சின் இல்லை, உருளுகிற சாமான் ஏதோ ஒன்று. பனிக்கால டயருக்கே ஓர் இரைச்சல் உண்டு, பட்டை ஆழமாக இருக்கும். அதனால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டேன். சத்தத்தில் மாற்றமே இல்லை. அப்புறம் ஒரு பெரிய வளைவு. இடது பக்கம் வளையும்போது பாரம் வலது பக்கம் சாய்கிறதே, அப்போது சத்தம் கூடியது. வலது பக்கம் வளைந்தால் அடங்கியது. வலது பக்க வீல் பேரிங் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். ஆனால் முன் வீலா, பின் வீலா? என் காதுக்கு முன் வீல் என்றே பட்டது.

இதற்குள் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்துவிட்டார். சென்ற கடிதத்தில் எழுதினேனே, கையுறை போடாமல் மைனஸ் 30-ல் பனி அள்ளுவார் என்று, அவர்தான். அவருடைய அப்பா அம்மா உக்ரைனிலிருந்து வந்தவர்கள். டிரான்ஸ்கோனா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேச்சு ரொம்பக் குறைவு. வண்டியைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அந்தக் காலத்தில் ரயில் சக்கரத்தை அப்படித் தட்டித்தான் விரிசல் பார்ப்பார்களாம். சாவியைக் கையை நீட்டிக் கேட்டார். தான் ஓட்டுவதாகவும், என்னைப் பின் சீட்டில் உட்காரவும் சொன்னார்.

அப்பா, அந்த நிமிஷம் எனக்குக் கயத்தாறுதான் ஞாபகம் வந்தது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற டிரிப்பில் நீங்கள் கண்ணாடியில் பார்த்து, கடைசி சீட்டில் இருக்கும் கண்டக்டர் மாமாவிடம் "என்ன மச்சான், பின்னால ஏதும் கேக்குதா?" என்பீர்கள். டிரைவருக்குத் தன் பக்கம்தான் கேட்கும், வண்டியின் பின்பாதியைக் கண்டக்டர்தான் கேட்கணும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பின் சீட்டில் உட்கார்ந்ததும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால், வலது பக்கத்திலிருந்து வந்தது.

தாத்தாவின் ஷெட்டில் வண்டியை ஏற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பவில்லை, ஸ்டாண்டும் வைத்துத்தான் கை வைத்தேன். ஒரு கையால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். காதுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் வழியாக ஒரு நறநறப்பு விரலில் ஏறியது. இடது பக்கம் அதே மாதிரி பிடித்தேன், வழுவழு.

உங்கள் பஸ்ஸில் டேப்பர் பேரிங், கழற்றிக் கிரீஸ் வைத்து நட்டை இறுக்கிவிடுவீர்கள். இதில் அப்படி முடியாது. சக்கரத்தை மாட்டுகிற ஹப்பும் பேரிங்கும் சேர்ந்து ஒரே உருப்படி, சீல் பண்ணி வரும், முழுசாகத்தான் மாற்ற வேண்டும். பனி உருக ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போனால் பேரிங் போச்சு. பிரேக் டிரம்மைக் கழற்றி, பின்னால் இருக்கும் நாலு போல்ட்டையும் எடுத்தும் ஹப் அசையவில்லை, துரு அப்படிக் கவ்வியிருந்தது. துரு எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் தாத்தா அதைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினார். டங் என்று கேட்டுக்கொண்டிருந்தது திடீரென்று டக் என்று மாறியது. "இப்போ வரும்" என்றார். வந்தது. பழைய ஹப்பைக் கையில் வைத்துச் சுற்றினால் உள்ளிருந்து காவி நிறத்தில் கிரீஸ் வடிந்தது.

கூலி வாங்க மாட்டேன் என்றார். அவர் வீட்டில் பெரோகி என்று ஒன்று கொடுத்தார்கள், உருளைக்கிழங்கு வைத்த நம் உப்புக் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அவர்கள் கறியே சமைக்க மாட்டார்களாம், 12 வகையும் கறி இல்லாமல்தானாம், மீன் மட்டும் உண்டாம். கோதுமை, தேன், கசகசா போட்டு ஒன்று செய்வார்களாம். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

பேரிங் சத்தத்தைப் போனில் பதிவு பண்ணி வைத்திருந்தேன் அப்பா. உங்களுக்குப் போட்டுக் காட்டலாம், கேட்டதுமே எந்த வீல் என்று சொல்லிவிடுவீர்கள் என்று இருந்தேன். உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. படித்துவிட்டு ரொம்ப நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு வர வேண்டும் போல இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் உங்களுக்குப் புரியும்தானே?

இப்போது காது விஷயம். அந்தக் காலத்து பஸ்ஸில் எஞ்சின் உங்கள் இடது பக்கத்திலேயே இருந்தது. அத்தனை வருஷம் அந்த இரைச்சலில் உட்கார்ந்தால் காது பாதிக்கத்தான் செய்யும். இது வயசு மட்டும் இல்லை. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது பரிசோதனை பண்ணுங்கள். மிஷின் வைக்கச் சொன்னால் வையுங்கள். ஊரில் யார் என்ன சொன்னால் என்ன? பணம் நான் அனுப்புகிறேன்.

தங்கச்சி கல்யாணத்தை வைகாசியில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னது எனக்குச் சம்மதம். மண்டப அட்வான்ஸை ஒரே தடவையாக இல்லாமல் மாசியில் பாதி, பங்குனியில் பாதி என்று அனுப்பினால் போதுமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நகைக்கடை அண்ணாச்சியிடம் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம். லீவு கிடைக்குமா என்று இன்னும் சொல்லவில்லை, கேட்டிருக்கிறேன்.

கண்மாய்க் கரை நிலத்தைப் பெரியப்பா விலைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அது இன்னும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. முதலில் சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு பண்ணி உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரியப்பா கோபப்பட்டால், மகன் கேட்கச் சொன்னான் என்று என் மேல் போடுங்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டின பில்லையும் அடுத்த கடிதத்தோடு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்