ஜூலியாவுக்கு 'இளமை'ன்னு மட்டும் போட்டா போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க இதழ்ல குழந்தைங்க பேர் பக்கத்துல ஜூலியாவுக்கு நேரா 'இளமையானவள்'னு ஒரே வார்த்தைல முடிச்சிருந்தீங்க. எங்க சொந்தத்துல ரெண்டு ஜூலியா இருக்காங்க, அதான் எழுதாம இருக்க முடியல. முதல்ல அந்த அர்த்தமே உறுதி கிடையாது, பையன்களுக்கு அரும்புற மீசைய சொல்ற ஒரு கிரேக்க வார்த்தைலேர்ந்து சிலர் எடுத்துக்கிட்டது, வேற சிலர் ரோமர்களோட ஜூபிடர் சாமி பேரோட சேர்க்கிறாங்க, ஜூலியஸ் சீசர் குடும்பமோ நாங்க புராணக் கதைல ட்ராய் நகரத்துலேர்ந்து வந்த வீரன் ஈனியஸோட மகன் யூலுஸ் வம்சம்னு சொல்லிக்கிட்டாங்க.

எனக்கு உறுத்துறது வேற. சீசர் காலத்து ரோம்ல பெரிய குடும்பத்துப் பொண்ணுங்களுக்குன்னு பெரும்பாலும் சொந்தப் பேரே வைக்கல சார். ஜூலியஸ் குடும்பத்துல பிறந்தா ஜூலியா, கொர்னேலியஸ்னா கொர்னேலியா, ரெண்டு பொண்ணு இருந்தா பெரியவ சின்னவன்னு ஒட்டு, அவ்ளோதான். பையன்களுக்கு மட்டும் கையஸ், லூசியஸ்னு தனிப்பேர் உண்டு. சீசரோட அத்தை ஜூலியா, கூடப்பிறந்த ரெண்டு பேரும் ஜூலியா, மகளும் ஜூலியா! அந்த மகள அரசியல் கூட்டுக்காக கி.மு. 59ல பாம்பேங்கிற ரோமத் தளபதிக்குக் கட்டிக் கொடுத்தாங்க, கி.மு. 54ல பிரசவத்துல செத்துப்போச்சு அந்தப் பொண்ணு, அதுக்கப்புறம் மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒட்டு விட்டுப்போய் கி.மு. 49ல உள்நாட்டுப் போரே வந்துடுச்சு.

ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸ் மகள் கதை இன்னும் கொடுமை. அவர் பிறந்தது ஆக்டேவியஸ் குடும்பத்துல, கி.மு. 44ல சீசர் உயில்ல தத்துப்பிள்ளையா ஆக்குனதாலதான் கி.மு. 39ல பிறந்த மகளுக்கு ஜூலியான்னு ஆச்சு, இல்லன்னா ஆக்டேவியா. மூணு தடவை அப்பா சொன்ன ஆளுக்கே கட்டி வச்சு, கடைசில நடத்தை சரியில்லன்னு கி.மு. 2ல பண்டதேரியாங்கிற குட்டித் தீவுக்கு அனுப்பிட்டார், ஒயின் கூட குடிக்கக் கூடாதாம், செத்தா என் கல்லறைல இடம் தரக்கூடாதுன்னு வேற எழுதி வச்சார். பெத்த அப்பா! பேத்தி ஜூலியாவையும் கி.பி. 8ல இன்னொரு தீவுக்கு விரட்டினார், அந்தப் பொண்ணு 20 வருஷம் அங்கயே கிடந்து செத்துச்சு.

அரச குடும்பம் மட்டும்னு நினைக்காதீங்க. விடுதலை ஆன அடிமைப் பொண்ணுக்கும் எஜமான் குடும்பப் பேர்தான் வரும். ரோமர் 16:15ல பவுல் வாழ்த்து சொல்ற யூலியாள், நம்ம தமிழ் பைபிள்ல இருக்கே, அவங்களும் அப்படி ஒரு அடிமை வழிப் பொண்ணா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவங்க நிறைய பேர் சொல்றாங்க. அவங்களப் பத்தி வேற ஒரு வரி கூட அதுல இல்ல, ஆனா பேர் சொல்லி வாழ்த்தியிருக்காங்க, எனக்கு இந்த ஜூலியாவதான் ரொம்பப் பிடிக்கும்.

கிளாடியா, கொர்னேலியா, அந்தோனியா எல்லாமே இதே வகைதான். அடுத்து அந்தப் பேர்ங்க வரும்போது அர்த்தத்தோட நிறுத்தாம, எந்தக் குடும்பத்துப் பேர், அதத் தாங்குன பொண்ணுங்க யாருன்னு ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பாளையங்கோட்டை