ஜெர்மனியின் கஞ்சா சங்கம் கடையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் கஞ்சாக் கடைகள் திறந்துவிட்டதாகப் பலரும் பேசுகிறார்கள். அங்கே படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அனுமதி தரப்படுவது உறுப்பினர்களே சேர்ந்து தங்களுக்காகக் கஞ்சா வளர்க்கும் லாப நோக்கமற்ற சங்கங்களுக்கு, கடைகளுக்கு அல்ல.

ஒரு சங்கத்தில் அதிகபட்சம் 500 பேர். சேருகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் குறைந்தது 6 மாதம் குடியிருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். வேறு சங்கத்தில் உறுப்பினர் இல்லை என்றும் உறுதி தர வேண்டும். ஆகவே இப்போதுதான் வந்து இறங்கிய மாணவருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் வழியே இல்லை.

சந்தா கட்டினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. உறுப்பினர்கள் வளர்ப்பு வேலையிலும் பங்கேற்க வேண்டும். புதிய சங்கமென்றால், விதை போட்டு, பூத்து, காய்ந்து கைக்கு வரச் சில மாதங்களாகும். பணம் கேட்பவரிடம் அனுமதி வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

கஞ்சாவை நேரில்தான் பெற முடியும். உறுப்பினர் அட்டையோடு புகைப்பட அடையாள அட்டையும் பார்ப்பார்கள். படமோ விளம்பரமோ இல்லாத உறை. கூடவே எடை, ரகம், அறுவடை நாள், டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) சதவீதம் குறித்த சீட்டு. நாளுக்கு 25 கிராம், மாதத்துக்கு 50 கிராம் வரை. 21 வயது நிரம்பாதவருக்கு மாதம் 30 கிராம்தான், டிஎச்சியும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சங்கத்துக்குள் புகைக்கவும் தடை. வாங்கியதை நண்பருக்குக் கொடுப்பதும் சட்டவிரோதம்.

ஊருக்கு வரும்போது ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. இங்கே இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும்.

– வாசகர் ஒருவர்