எக்செல் தாளைக் கொஞ்சம் மூடி வை, தம்பி

அன்புள்ள செந்திலுக்கு,

நீ அனுப்பிய கோடைப் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஏழு நாள், ஆறு இடம். லாஸ் வேகாஸில் இறங்கி, கிராண்ட் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, ஆர்ச்சஸ், பிரைஸ் கேன்யன், சயான் என்று ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வேகாஸில் விமானம் ஏறுகிறாய். இந்த ஊரில் நம்மவர்கள் போடும் திட்டம் எல்லாமே இப்படித்தான் இருக்கும். கொடுத்த காசுக்கு ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும். உனக்கு வண்டி ஓட்டுவதில் அலுப்பே கிடையாது, தெரியும். ஆனால் பின் சீட்டில் உட்காரப் போவது 16 வயது நிலாவும் 13 வயது கவினும்.

ஆறில் நான்கை அடித்துவிடு. யூட்டா மாநிலத்தில் இருக்கும் சயான், பிரைஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களும் போதும். சயானில் நான்கு இரவு, பிரைஸில் இரண்டு. வேகாஸிலிருந்து சயான் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து பிரைஸ் இரண்டு மணி நேரம். திரும்பும்போதுதான் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். கிராண்ட் கேன்யனை விட்டுவிட்டால் மைதிலி கோபித்துக்கொள்வாள் என்றால், அதற்கென்று இன்னொரு வருஷம் தனியாகப் போங்கள். அது எங்கேயும் ஓடிப்போகாது.

உன் தாளில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோடையில் யூட்டாவின் நேரம் வேகாஸைவிட ஒரு மணி முன்னால். அரிசோனாக்காரர்கள் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் வேகாஸ் நேரமே அங்கேயும். ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ மக்களின் பகுதியில் மாற்றுவார்கள். பேஜில் ஒரு நேரம், மான்யுமென்ட் வேலியில் ஒரு நேரம். நீ கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும் மணிக்கணக்கில் பாதி அங்கேயே கவிழ்ந்துவிடும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லா நாளுக்கும் நேராக ‘காலை 5:00, புறப்பாடு’ என்று எழுதியிருக்கிறாய். இந்த வயதில் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. அது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் வளர்ச்சி. ஒருநாள் எழுப்பலாம், இரண்டு நாள் எழுப்பலாம். மூன்றாம் நாள் உன் காரில் நான்கு மூலைக்கும் நான்கு முகம் திரும்பியிருக்கும். ஆகவே மொத்தப் பயணத்துக்கும் இரண்டே விடியற்காலை என்று வைத்துக்கொள். அந்த இரண்டையும் எதற்குச் செலவழிப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். நீ சொல்லி எழுந்திருப்பது வேறு, தானே கேட்டு வாங்கிய காலைக்கு எழுந்திருப்பது வேறு.

சயானில் விடியற்காலை வேண்டியிருக்கும். ஜூனில் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கோடையில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்த வண்டியை விடமாட்டார்கள், இலவசப் பேருந்துதான். அதற்கு முன்பதிவு கிடையாது, ஆனால் பார்வையாளர் மையத்தின் வண்டி நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். அதனால்தான் ஸ்பிரிங்டேலிலேயே அறை எடு என்கிறேன். வாடகை அதிகம்தான், அரை மணி நேரம் தள்ளி ஹரிக்கேனில் சமையலறையோடு வீடே கிடைக்கும். இருந்தாலும் ஸ்பிரிங்டேலுக்குள் ஊர்ப் பேருந்து பூங்காவின் வாசல் வரை இலவசமாக ஓடுகிறது. நிலா ஒன்பது மணிக்கு எழுந்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு, தானே பஸ் ஏறி உங்களிடம் வந்து சேரலாம். சாயங்காலம் இரண்டு பேரும் கடைவீதியில் ஐஸ்கிரீம் வாங்கப் போகலாம். டல்லாஸில் கார் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக முடியாத பிள்ளைகள். அந்தக் கூடுதல் வாடகை இதற்குத்தான்.

சயானில் இருக்கும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் பாறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நிலா வீடியோ பார்த்துவிட்டு ஏறியே தீருவேன் என்கிறாள், மைதிலி கூடாது என்கிறாள், அப்படித்தானே? அந்தப் பாறை பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறக்குறைய 1,500 அடி. ‘வால்ட்டர்ஸ் விக்கிள்ஸ்’ என்ற இடத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். அது முடிந்து ஸ்கௌட் லுக்அவுட் என்ற மேட்டை அடைந்தால், அங்கிருந்து கடைசி அரை மைல் கூரான முகட்டின் மேல், பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு பக்கமும் பாதாளம். விழுந்து இறந்தவர்கள் உண்டு, மைதிலியின் பயம் வீண் பயம் இல்லை.

2022 ஏப்ரலிலிருந்து சங்கிலிப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், குலுக்கலில்தான் கிடைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கான விண்ணப்பம் ஏப்ரல் 1 முதல் 20 வரை. விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். அதில் விழாவிட்டால் முந்தின நாள் மதியம் 3 மணிக்குள் போடும் குலுக்கல் ஒன்றும் இருக்கிறது. ஸ்கௌட் லுக்அவுட் வரை சீட்டே வேண்டாம். என் யோசனை இது: சீட்டுக்குப் போட்டு வை, நீயும் நிலாவும் மட்டும் போங்கள். சங்கிலி ஆரம்பிக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டு, போவதா திரும்புவதா என்று அங்கேயே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் யார் ‘வேண்டாம்’ என்றாலும் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட வேண்டும். இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடு. மைதிலியும் கவினும் அன்றைக்கு வேறு எங்காவது போகட்டும். நான்கு பேரும் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது?

சயானிலேயே இருக்கும் நாரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்குக்கு மட்டும் நான்கு பேரும் சேர்ந்து போங்கள். அங்கே ஆறுதான் பாதை. கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, ஒரு மைல் சிமெண்ட் பாதையில் நடந்தால், பாதை தண்ணீருக்குள் போய் முடியும். அங்கிருந்து ஆற்றுக்குள்ளேயே எதிர்நீச்சலாக நடை. இரண்டு பக்கமும் ஆயிரம் அடிச் சுவர், சில இடங்களில் அகலம் 20, 30 அடிதான். அடியில் வழுவழுவென்று உருண்டைக் கற்கள். ஸ்பிரிங்டேல் கடைகளில் தண்ணீருக்கான காலணியும் தடிமனான மரக்கோலும் வாடகைக்குத் தருவார்கள், தவறாமல் எடு. கோலை நீர் வரும் பக்கம் ஊன்றி, அது நிலைத்த பிறகு காலை எடுத்து வைக்க வேண்டும். எங்கள் பையன் காலையிலிருந்து வாயே திறக்காமல் வந்தவன், இங்கே வந்ததும் முன்னால் போய்க் கோலால் ஆழம் பார்த்து, “அம்மா, இடது பக்கம் வா, அங்கே இடுப்பளவு இருக்கு” என்று கத்திக்கொண்டே போனான். எனக்குப் பாதை காட்டுவதில் அவனுக்கு ஒரே பெருமை.

பயணத்தை ஜூன் இரண்டாம் பாதியில் வைத்துக்கொள், அப்படிச் சொல்வதற்கும் காரணம் இந்த ஆறுதான். வசந்தத்தில் பனி உருகி வரும் வெள்ளத்தில் நாரோஸை மூடிவிடுவார்கள். நொடிக்கு 150 கன அடிக்கு மேல் ஓடினால் அனுமதி இல்லை. ஜூலையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் திடீர் வெள்ளம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், மழை எங்கோ பெய்திருக்கும். 1997 ஆகஸ்டில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டிலோப் கேன்யனில் பல மைல் தள்ளிப் பெய்த மழையில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அன்றன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பூங்கா வெளியிடும், அதைப் பார்க்காமல் இறங்காதே. ஆற்றில் நச்சுப் பாசி இருப்பதும் உண்டு. கவினிடம் தலையை முக்காதே, வாயில் தண்ணீர் படக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

பிரைஸில் கதை நேர்மாறு. விளிம்பே 8,000 அடிக்கு மேல், நம் ஊட்டியைவிட உயரம். ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். இங்கே பிள்ளைகள் பத்து மணி வரை தூங்கட்டும், ஏனென்றால் பார்க்க வேண்டியது ராத்திரி வானம். சுற்றுவட்டாரத்தில் பெரிய ஊர் கிடையாது, நல்ல இருட்டு. பால்வீதி கண்ணுக்கே தெரியும். வீட்டுத் தினசரிக் காலண்டரில் அமாவாசை பார்த்து இந்த இரண்டு இரவையும் அதை ஒட்டிப் போடு. பகலில் குயின்ஸ் கார்டன் நடைபாதையில் இறங்கி நவஹோ லூப் நடைபாதையில் ஏறினால் மூன்று மைல் வரும், அது போதும்.

சாப்பாட்டில் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. அந்த வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு இறங்கித் தலைசுற்றும். உப்புள்ள தீனி ஏதாவது சேர்ந்தே போக வேண்டும். புளிசாதமும் ஊறுகாயும் எடுத்துப் போ. பிள்ளைகள் காலையில் மூக்கைச் சுளிக்கும், மத்தியானம் டப்பாவை வழித்துவிடும்.

போனைப் பிடுங்காதே. பள்ளத்தாக்குக்குள் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது, உனக்கு அந்த வேலையே இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைக்கும் பொறுப்பை நிலாவிடம் விடு. நம்மைப் போல இந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு நுழைவுக்கட்டணம் ஒவ்வொரு பூங்காவுக்கும் வண்டிக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். இந்த வருஷமே மூன்றாவதாக ஒரு பூங்காவுக்குப் போவதாக இருந்தால் மட்டும் 80 டாலர் ஆண்டு பாஸ் வாங்கு.

குலுக்கல் திறக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் விமான டிக்கெட்டைப் போட்டுவிடாதே, முதலில் பிள்ளைகளிடம் கேள். எங்கள் வீட்டில் முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைகள் நான்கு சும்மாத்தான் கிடக்கின்றன. புது வீட்டு முகவரியை அனுப்பு, பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா