குண்டர் கும்பல்: சினிமாவோடு விசாரணையை முடித்துக்கொள்ளலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் நம் இந்தியப் பிள்ளைகள் குண்டர் கும்பல்களில் சேருவது பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். தமிழ் சினிமா, கண்டிப்பில்லாத பெற்றோர், சமய அறிவு இல்லாமை என்று மூன்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். சரி, மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதே படத்தைக் கோலாலம்பூரின் வசதியான பங்சாரில் குடியிருக்கும் டாக்டர் வீட்டுப் பையனும் பார்க்கிறான், மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கும் லாரி ஓட்டுநர் வீட்டுப் பையனும் பார்க்கிறான். பிறகு இருவரும் ஒரே இடத்தில் போய் நிற்பதில்லையே, ஏன்? நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். அவ்வளவு நீளத் தலையங்கத்தில் தோட்டம் என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பட்டியலிட்டது. அவற்றின் உறுப்பினர்கள் 40 ஆயிரத்துக்கும் மேல் என்றும், அதில் சுமார் 70 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றும் சொன்னது. நாட்டு மக்களில் நாம் 7 விழுக்காடு அளவுதான். அந்த வாரம் எல்லோரும் அதிர்ச்சி தெரிவித்தோம், கூட்டம் போட்டோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

இந்தக் கும்பல் முறையை நம் பாட்டன்மார் கப்பலில் கொண்டு வரவில்லை. ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனத் தொழிலாளிக்கு இங்கே மொழி தெரியாது, உறவு கிடையாது, வெள்ளைக்காரன் நீதிமன்றம் எட்டாது. வேலை தேடித் தருவது, தங்க இடம் தருவது, வழக்குத் தீர்ப்பது, செத்தால் அடக்கம் செய்வது எல்லாம் ரகசியச் சங்கம்தான். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சங்கங்களும் பேராக்கின் லாருட்டில் சுரங்கத்துக்காகப் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டன. அந்தச் சண்டையைக் காரணம் காட்டித்தான் 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு பிரிட்டிஷார் பேராக்கில் கால் வைத்தார்கள். 1867 பினாங்குக் கலவரத்தில் சீனச் சங்கங்களோடு வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரண்டு சங்கங்களும் எதிரெதிர் அணிகளில் நின்றன. அவற்றில் மலாய்க்காரர்களோடு தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆக, துறைமுக நகரத்தில் நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் அப்போதே கொஞ்சம் ஒட்டியது. இன்று நம் பையன்கள் பச்சை குத்திக்கொள்ளும் எண்களில் 36, 108 போன்றவை சீன ரகசியச் சங்கச் சடங்குகளில் பழைய எண்கள். தன் கையில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பையன்களுக்குத் தெரியாது.

தோட்டத்துத் தமிழன் இதற்கு வெளியே இருந்தான். அவனைத் தோட்டமே கட்டி வைத்திருந்தது. விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டு, மேலாளர் துரை, எழுத்தர் கிராணி, வேலை வாங்கும் கங்காணி, மண்டோர், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில், கள்ளுக்கடை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னதால் மாட்டுக் கொட்டகை போல ஒரு பள்ளியும் இருந்தது. இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. இப்போது சிலர் தோட்டத்து நினைவுகளை உருகி உருகி எழுதுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மழை பெய்தால் கூலி இல்லை. கள்ளுக்கடையை நடத்தியதே நிர்வாகம்தான். வீடு வேலையோடு கட்டிப் போடப்பட்டிருந்தது. ஆனால் தறிகெட்டுப் போகிற பையனை இழுத்து வந்து நிறுத்த அங்கே பத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

தோட்டத்து இளைஞர்கள் கூட்டாகச் சேர்ந்தாலே ரவுடித்தனம்தான் என்பவர்களுக்குத் தொண்டர் படையை நினைவூட்ட வேண்டும். 1946-47இல் கெடாவில் தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே திரண்டு, அணிவகுத்து நின்று, கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிப் போராடினார்கள். அதை வளர்த்துவிட ஆள் இல்லை. பீடோங் என்ற ஊரில் நடந்த மோதலுக்குப் பிறகு போலீசை வைத்து ஒடுக்கினார்கள். கட்டுப்பாடு, தலைவன் சொல் கேட்பது, ஒருவனுக்காக எல்லோரும் நிற்பது என்று இன்று கும்பலில் இருக்கும் அத்தனையும் அன்று அந்தப் படையிலும் இருந்தன.

பிறகு தோட்டம் உடைந்தது. ஐம்பது, அறுபதுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் துண்டு போட்டு விற்றன. அதைத் தடுக்கத்தான், இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கினார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பலர் உட்பட சுமார் 60 ஆயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எண்பது, தொண்ணூறுகளில் வந்ததுதான் பெரிய அடி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் வீடமைப்பு, தொழிற்பேட்டை, கோல்ஃப் திடல். 1980க்கும் 2000க்கும் நடுவில் சுமார் மூன்று லட்சம் பேர் தோட்டங்களைவிட்டு வெளியேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்த இடம் பிராங் பெசார் தோட்டம். அங்கிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்களை டெங்கிலில் அடுக்குமாடியில் ஏற்றினார்கள். சில ஆண்டுகளிலேயே சுவரில் வெடிப்பு.

மற்ற பலருக்கு அந்த அடுக்குமாடிகூட இல்லை. வேலை போன அன்றே வீடும் போனது. ஆயாக் கொட்டகையும் கோயிலும் பள்ளியும் சேர்ந்தே போயின. புறம்போக்குக் குடிசை, பிறகு மூன்று அறைக்குள் எட்டுப் பேர். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டத் தெரிந்த அப்பாவுக்குப் பட்டணத்தில் காவலாளி வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பிள்ளைகளுக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லை. பத்திரமும் அட்டையும் இல்லாமல் பள்ளியும் கிடைக்கவில்லை, லைசென்சும் கிடைக்கவில்லை. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் இனக் கலவரத்தில் ஆறு பேர் செத்தபோதுதான் இப்படியொரு வாழ்க்கை இருக்கிறது என்று நாடு திரும்பிப் பார்த்தது.

நான் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் மொழியில் தேறாமல், இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைக்கப்பட்ட பையன்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே முதல் வாரமே அடி விழும். காப்பாற்றக் கும்பலைச் சேர்ந்த ஓர் அண்ணன் வருவான். அடுத்து சாப்பாடு, மோட்டார் சைக்கிள், கைச்செலவுக்கு ஐம்பது வெள்ளி. வீட்டில் சாவு விழுந்தால் பந்தல், வண்டி, பூ எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிறகுதான் கணக்குக் கேட்பார்கள். அன்று சுரங்கத்துச் சங்கம் சீனத் தொழிலாளிக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

தடைச் சட்டம் நமக்குப் புதிதல்ல. 1889லேயே ரகசியச் சங்கங்களைத் தடை செய்யச் சட்டம் வந்தது. 1969 அவசரகாலச் சட்டத்தின் கீழ் சந்தேகப்பட்டவர்களை விசாரணையில்லாமல் ஜெரெஜாக் தீவிலும் சிம்பாங் ரெங்கத்திலும் அடைத்தார்கள். அந்தச் சட்டம் நீக்கப்பட்ட இரண்டே ஆண்டில், 2013இல், குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி விசாரணையில்லாக் காவலைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாராங் கத்தி தூக்கியவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே போய் வந்தவனுக்குத் தெருவில் மதிப்பு கூடியதைத்தான் நான் பார்த்தேன்.

வறுமைதான் காரணம் என்றால் அக்கா தங்கைகள் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே மாடியில் வளர்ந்து கணக்காளரான பெண்கள் எனக்குத் தெரியும். அவர்களை வீட்டைவிட்டு வெளியே விடவில்லை, பையன்களை வீட்டுக்குள் தேடவில்லை. இதில் நம் குடும்பங்களின் பங்கும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. வெட்டியவன் வெட்டியதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தோட்டம் மூடியது அவன் தண்டனையைக் குறைக்காது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கைதுச் செய்தியில் கும்பலின் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். அந்தப் பக்கத்தைப் பையன்கள் படம் எடுத்துப் பெருமையாக அனுப்பிக்கொள்கிறார்கள். இன்னொன்று, மூடப்பட்ட தோட்டங்களைப் பற்றி ஒரு தொடர் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு விற்றார்கள், யார் வாங்கியது, குடும்பங்களுக்கு என்ன கொடுத்தார்கள், எங்கே போனார்கள், பள்ளி என்ன ஆனது. கிராணிகள், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்கள் என்று கிள்ளான், பந்திங், கோல சிலாங்கூர் பக்கம் விவரம் தெரிந்த சிலரை நான் அறிமுகப்படுத்தி வைக்கிறேன். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் நிருபரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
கிள்ளான், சிலாங்கூர்